ஊசி போட வலிக்காத இடம் எது? - ஒரு நூறு வருடக் கதை

இன்சுலின் வரலாறு என்றாலே பான்டிங், பெஸ்ட், நோபல் பரிசு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். காப்புரிமையை ஒரு டாலருக்குக் கொடுத்த கதை எங்கள் காமர்ஸ் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மருந்தை உடம்பில் எந்த இடத்தில் குத்திக்கொள்வது? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, பி.காம்.தான். இருந்தாலும் படித்த வரைக்கும் சொல்கிறேன்.

முதல் ஊசி

1922 ஜனவரி 11. கனடாவில் டொரோண்டோ பொது மருத்துவமனை. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். எடை 65 பவுண்டு, அதாவது 30 கிலோகூட இல்லை. அந்த வகை சர்க்கரை நோய்க்கு அன்று தெரிந்த வைத்தியம் பட்டினி போடுவதுதான். அவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த கலங்கலான சாறு 15 மில்லி ஏற்றினார்கள். ஒவ்வொரு பிட்டத்திலும் ஏழரை மில்லி! ஒரு பக்கம் சீழ்க்கட்டி வந்துவிட்டது. சர்க்கரையும் பெரிதாக இறங்கவில்லை. கோலிப் என்ற விஞ்ஞானி சுத்தப்படுத்திய சாற்றை ஜனவரி 23 முதல் போட்ட பிறகுதான் பையன் தேறினான். அதன்பின் 1935 வரை உயிரோடு இருந்தார்.

இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்தில் 10 யூனிட் போட வேண்டுமென்றால் 0.1 மில்லி போதும். தாம்சனுக்கு ஏற்றியது அதைப்போல 150 மடங்கு. சௌகரியமான இடம் எது என்று யோசிக்கிற நிலையில் அன்று யாரும் இல்லை. உயிர் பிழைத்தால் போதும்.

42,000 ஊசிகள்

உயிர் பிழைத்த பிறகுதான் அடுத்த பிரச்சினை வந்தது. இந்த ஊசி ஒரு நாளோடு முடிவதில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டில் டொரோண்டோ போய் இன்சுலின் போட ஆரம்பித்தார். 1981இல் இறக்கும் வரை அவர் போட்டுக்கொண்ட ஊசிகள் சுமார் 42,000 என்று சொல்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் தினமும் இரண்டு.

தினமும் இரண்டு என்றால் நர்ஸை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியுமா? நோயாளி தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே கைக்கு எட்டுகிற, கண்ணுக்குத் தெரிகிற இடங்கள் முக்கியமாகிவிட்டன: தொடை, வயிறு, மேல்கை. அந்தக் காலத்தில் கண்ணாடி சிரிஞ்சு. கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஊசி மழுங்கினால் சின்னக் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். எவ்வளவு வலித்திருக்கும்!

பள்ளமும் மேடும்

மாடு, பன்றி கணையத்திலிருந்து எடுத்த பழைய இன்சுலினில் கலப்பு அதிகம். அதனால் ஊசி போட்ட இடத்தில் தோலுக்குக் கீழே கொழுப்பு கரைந்து பள்ளம் விழும். 1970களில் நன்றாகச் சுத்திகரித்த இன்சுலின் வந்தது. 1982இல் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. பள்ளங்கள் அபூர்வமாகிவிட்டன.

மேடு மட்டும் போகவில்லை. இன்சுலினுக்கே கொழுப்பை வளர்க்கிற குணம் உண்டு. ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புக் கட்டி திரளும். சிக்கல் என்னவென்றால், அந்தக் கட்டியில் குத்தினால் வலி குறைவு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். "இங்க போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதுடா தம்பி" என்று தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைக் காட்டுவார். வலிக்காத இடம் கிடைத்துவிட்டது என்று அவருக்கு சந்தோஷம். ஆனால் கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரு நாள் சர்க்கரை ஏறும், ஒரு நாள் இறங்கும். மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு என்றைக்காவது நல்ல இடத்தில் அதே அளவைப் போட்டால் லோ சுகர் ஆகி மயக்கமே வரலாம்.

தினம் ஓர் இடமா?

அப்படியானால் இன்று கை, நாளை தொடை, மறுநாள் வயிறு என்று சுற்றி வரலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. சாதாரண இன்சுலின் வயிற்றிலிருந்து வேகமாகச் சேரும், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாகத்தான் சேரும். தொடையில் போட்டுக்கொண்டு காலுக்கு உடற்பயிற்சி செய்தால் வேகம் கூடுகிறது என்று 1978இல் கோய்விஸ்டோ, பெலிக் இருவரும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். புதிய வகை இன்சுலின்களில் இந்த வித்தியாசம் குறைவு. எனவே இப்போதைய அறிவுரை வேறு: காலை ஊசிக்கு வயிறு என்றால் தினமும் காலையில் வயிறுதான். ஆனால் அந்த வயிற்றுக்குள்ளேயே முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும். தொப்புளை ஒட்டிப் போடக் கூடாது.

ஊசியும் சின்னதாகிவிட்டது. முன்பு 12.7 மில்லிமீட்டர் நீள ஊசி சாதாரணம். ஒல்லியானவர்களுக்கு அது தசைக்குள்ளேயே போய்விடும். குண்டோ ஒல்லியோ, பெரியவர்களுக்குத் தோலின் தடிமன் சராசரியாக 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. அதாவது, 4 மில்லிமீட்டர் ஊசியே தோலைத் தாண்டிக் கொழுப்பை எட்டிவிடும். அந்த அளவு ஊசியும் அதே ஆண்டு சந்தைக்கு வந்தது.

முதலில் உயிர், பிறகு கைக்கு எட்டுகிற இடம், பிறகு வலிக்காத இடம், கடைசியில்தான் மருந்து ஒழுங்காகச் சேருகிற இடம். இந்த வரிசையில் நாலாவது படிக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் பல வீடுகளில் இன்னும் மூன்றாவது படியில்தான் நிற்கிறோம்.

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், ஊசி போடும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி தட்டுப்பட்டால் அங்கே போடுவதை நிறுத்த வேண்டும். இடம் மாற்றும்போது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம், ஆகவே டாக்டரிடம் கட்டாயம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எங்கள் தெருப் பாட்டியிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.