தோருன்: இரண்டு சதுக்கங்களுக்கு இடையே ஒரு நடைவழி

போலந்தின் வடபகுதியில் விஸ்துலா ஆற்றின் வலக்கரையில் உள்ள தோருன், அருகருகே இரண்டு இடைக்கால நகரங்களைக் கொண்ட ஊர். பழைய நகரின் சந்தைச் சதுக்கத்தில் தொடங்கி, வானியலறிஞர் கோப்பர்னிக்கஸின் இல்லம், புனித யோவான் பேராலயம், ஆற்றங்கரை வாயில்கள், டியூட்டானிக் சபைக் கோட்டையின் இடிபாடுகள், குடிமக்கள் மாளிகை ஆகியவற்றைத் தொட்டுப் புதிய நகரின் சதுக்கத்தை அடையும் நடைவழி அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமின்றித் தப்பியதால், இந்த வழியில் காணும் செங்கல் கட்டடங்களில் பல உண்மையிலேயே பழையவை. வார்சாவைப் போல மீட்டுக் கட்டியவை அல்ல. 1997இல் யுனெஸ்கோ இந்த இரண்டு நகரங்களையும் கோட்டை இடிபாட்டையும் சேர்த்தே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் கோப்பர்னிக்கஸை நடுவில் வைத்து, கோட்டையை 'நேரம் இருந்தால் பார்க்கலாம்' என்ற இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இடித்துத் தள்ளிய அந்தக் கோட்டையின் வெற்றிடத்தைப் புரிந்துகொண்டால்தான் வழியிலுள்ள மற்ற சின்னங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தரும்.

தோருன் தானாக வளர்ந்த ஊர் அல்ல. 1233இல் டியூட்டானிக் சபை, அதாவது துறவு விரதமும் வாளும் ஒருங்கே ஏந்திய ஜெர்மானிய வீரர் அமைப்பு, சாசனம் கொடுத்து இதை நிறுவியது. சில ஆண்டுகளில் ஊர் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டது. ஆற்று வணிகமும், வட ஐரோப்பிய வணிக நகரங்களின் ஹன்சா கூட்டமைப்பின் தொடர்பும் பழைய நகரின் வணிகர்களைச் செல்வர்களாக்கின. 1264இல் சபையே பக்கத்தில் புதிய நகரை நிறுவியது. அதற்குத் தனி மன்றம், தனிச் சந்தை, தனி மதில். பழைய நகரில் வணிகர்கள் ஓங்கியிருந்தார்கள் என்றால் புதியதில் கைவினைஞர்கள். சபையின் கோட்டை இரண்டுக்கும் இடையே ஆற்றை ஒட்டி நின்றது. இந்த அமைப்பை ஒரு வரைபடத்தில் பார்த்தாலே அதிகாரத்தின் கணக்கு புரியும்: ஆளப்படுகிற இரண்டு ஊர்கள் தனித்தனியே, ஆள்கிறவர் நடுவே. பழைய சதுக்கத்தின் நடுவில் நிற்கும் நகர மன்றக் கட்டடமும் இதற்குச் சான்றுதான். நான்கு சிறகுகளும் நடு முற்றமும் கொண்ட அந்தப் பெருங்கட்டடம் 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் உருவம் பெற்றது. ஆனால் அதன் கோபுரத்தை 13ஆம் நூற்றாண்டில் தொடங்குவதற்கும் பின்னர் கட்டடத்தை விரிப்பதற்கும் சபையின் அனுமதி வேண்டியிருந்தது. ஊரின் பெருமையைப் பறைசாற்றும் கோபுரமே உத்தரவு வாங்கி எழுந்தது.

உறவு கசந்ததற்குக் காரணம் பணம். சபை நாட்டை ஆண்டதோடு நிற்கவில்லை. தானியத்திலும் அம்பரிலும் அதுவே வணிகம் செய்து, தன் குடிகளுக்குப் போட்டியாளராகவும் இருந்தது. 1410இல் குரூன்வால்ட் போரில் போலந்து-லித்துவேனியப் படைகளிடம் தோற்று, மறு ஆண்டு இதே தோருனில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1,00,000 கோப்பு பிராக் குரோஷன் செலுத்த அது ஒப்புக்கொண்டது. ஒரு கோப்பு என்பது 60 நாணயம். அந்தச் சுமை வரியாகக் குடிகள் மீது இறங்கியது. 1440இல் சபை ஆண்ட பிரஷ்யாவின் நகரங்களும் நிலவுடைமையாளர்களும் சேர்ந்து பிரஷ்யக் கூட்டணியை அமைத்தார்கள். 1454 பிப்ரவரியில் அது சபைக்கு அளித்த விசுவாசத்தைக் கைவிட்டு, போலந்து அரசர் காசிமிரை அழைத்தது; சபையோடு பதின்மூன்று ஆண்டுப் போர் தொடங்கியது. சில நாட்களில் தோருன் மக்கள் கோட்டையைப் பிடித்து, இடிக்கவும் தொடங்கினார்கள். இரண்டு நகரங்களும் அதே ஆண்டில் ஒன்றாயின. நடுவில் இருந்தவர் போனதும் பிரிவுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். கோபம் கொண்ட கூட்டம் கோட்டையை இடிப்பது எங்கும் நடப்பதுதான், அதற்கு இவ்வளவு அரசியல் பொருள் ஏற்ற வேண்டுமா? இதற்கான விடை தோருனுக்கு வெளியே இருக்கிறது. அதே 1454இல் கதான்ஸ்க், எல்பிளாங் ஆகிய பெருநகரங்களின் மக்களும் தங்கள் ஊரில் இருந்த சபைக் கோட்டைகளைத் தரைமட்டமாக்கினார்கள். பிரஷ்யாவின் மூன்று பெரிய வணிக நகரங்கள் ஒரே ஆண்டில் ஒரே காரியத்தைச் செய்தது வெறும் ஆத்திரம் அல்ல. இதற்கு எதிர்ப்பக்கத்தில் மால்போர்க் இருக்கிறது. சபைத் தலைவரின் அந்த மாபெரும் கோட்டையைச் சம்பளம் கிடைக்காத கூலிப்படையினர் போலந்து அரசருக்கு விற்றார்கள். 1457இல் அது கைமாறியது. விலை 1,90,000 பொற்காசு, அதில் பெரும்பங்கைத் தந்தவை இந்த வணிக நகரங்களே. அங்கே கோட்டை இடிபடவில்லை, அரச இருக்கையாக மாறியது. ஆகவே செங்கல்லின் மீது யாருக்கும் பகை இல்லை. தங்கள் மதிலுக்குள் எந்த ஆள்கிறவருக்கும் கோட்டை இருக்கக் கூடாது என்பதே பெருநகரங்களின் எண்ணம் என்று கொள்ள இடமிருக்கிறது. தாங்களே அழைத்த காசிமிர் அரசரும் அந்த எண்ணத்துக்கு விலக்கில்லை. இடம் காலியாக இருந்தால் எந்த அரசரும் அதில் குடிபுக முடியாது.

இடிபாட்டுக்குள் நடப்பவர் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குதிரை லாட வடிவத்தில் அமைந்த கோட்டையின் அடிச்சுவர்களும், எண்கோணக் கோபுரத்தின் அடிப்பகுதியும், நிலவறைகளும்தான் எஞ்சியவை. முழுதாக நிற்பது ஒன்றே ஒன்று: ஓடையின் மேல் வளைவுப் பாலத்தால் கோட்டையோடு இணைந்த கழிப்பறைக் கோபுரம். பெருமிதம் கொண்ட வீரர் சபைக்கு வரலாறு இங்கே விட்டுவைத்த நினைவுச் சின்னம் அதுதான் என்பதில் ஒரு கிண்டல் தானாகவே அமைந்திருக்கிறது. கோட்டையின் செங்கற்கள் வீணாகவில்லை. பக்கத்திலேயே நிற்கும் குடிமக்கள் மாளிகை, 1489இல் புனித ஜார்ஜ் சகோதரக் குழுவினருக்காக அந்தச் செங்கற்களைக் கொண்டு எழுந்தது. வசதி படைத்த வணிகர்கள் கூடிக் களித்த கட்டடம் அது. ஆள்கிறவரின் சுவர் குடிகளின் கேளிக்கைக் கூடத்துக்குச் சுவரான கதை, பத்தடி நடந்தால் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கோப்பர்னிக்கஸ் பக்கத்திலிருந்து வரும். உலகம் இந்த ஊரை அவரால் அறிகிறது, கோட்டையால் அல்ல. உண்மைதான். ஆனால் அவரும் 1454இன் வழிவந்தவரே. தாய்வழிப் பாட்டனார் லூகாஸ் வாட்சன்ரோட, டியூட்டானிக் சபைக்கு எதிரான கட்சியில் முன்நின்று, போருக்குக் கடன் கொடுத்தவர். தந்தை செம்பு வணிகர். கிராக்கோவிலிருந்து 1450களின் பிற்பகுதியில் இங்கே வந்து குடியேறி, அதே போரின் பணக் கணக்குகளில் பங்குகொண்டவர். பதின்மூன்று ஆண்டுப் போர் முடிந்த 1466 உடன்படிக்கையும் இந்த ஊரின் பெயரையே தாங்கியது. அதன்படி தோருன், கதான்ஸ்க், மால்போர்க் உள்ளிட்ட மேற்குப் பகுதி போலந்து முடியின் கீழ் வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1473 பிப்ரவரி 19இல் மகன் பிறந்தார். ஆகவே அவர் பெயரிலுள்ள தெருவில் நிற்கும் கோத்திக் வணிக மனையைப் போரின் விளைவுகளில் ஒன்றாகப் பார்ப்பதில் பிழையில்லை. அவர் பிறந்தது அந்த வீட்டில்தானா, சதுக்கத்தை ஒட்டிய குடும்பத்தின் இன்னொரு வீட்டிலா என்பது இன்னும் தீராத வழக்கு. அனுமதிச் சீட்டு வாங்குகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு தெரு தள்ளியுள்ள புனித யோவான் பேராலயமே அவர் திருமுழுக்குப் பெற்ற இடமாகக் காட்டப்படுகிறது. அதன் கோபுரத்தில் 1500இல் வார்க்கப்பட்ட, சுமார் 7 டன் எடையுள்ள பெரிய மணி தொங்குகிறது. அப்படியொரு மணியை வார்க்கும் பணம் அன்று ஊரில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது ஆட்சேபமே கடினமானது. கோட்டை இடிப்பைப் போலந்து மக்கள் ஜெர்மானியரை விரட்டிய கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. இடிபாடு அந்தத் தேசியக் கதைக்கான மேடைதானே, குடிமக்களின் சுதந்திரம் எங்கே வந்தது என்று கேட்கலாம். இதில் பாதி சரி. நூற்றாண்டுகளாகக் குப்பைமேடாகக் கிடந்த இடத்தை அகழ்ந்து, உடன்படிக்கையின் 500ஆம் ஆண்டான 1966இல் திறந்தபோது அரசியல் நோக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் 1454இல் இடித்தவர்களில் ஜெர்மன் மொழி பேசியவர்களே மிகுதி. வாட்சன்ரோட என்ற பெயரே போதும். மொழிச் சண்டையாக இருந்தால் அவர்கள் எதிரணியில் நின்றிருக்க வேண்டும். புதிய முடியின் கீழ் எல்லாம் நன்றாக முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1724இல் இயேசு சபையினரின் கல்லூரி மீது நடந்த தாக்குதலைத் தொடர்ந்து, லூத்தரன் நகரத் தலைவர் ரோஸ்னரும் வேறு ஒன்பது பேரும் அரச நீதிமன்றத் தீர்ப்பால் தலையிழந்தார்கள். அதுவரை லூத்தரன்கள் வழிபட்ட புனித மரியாள் ஆலயம் கத்தோலிக்கத் துறவியருக்குப் போயிற்று. கோட்டை இல்லாமலும் அரசன் கை நீளும் என்பதை ஊர் அன்று கண்டது.

புதிய நகரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவசரமாக நடப்பவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுவதால் இது விடுபட்டுப்போகிறது. 1454 இணைப்பில் பழைய நகரின் வணிகர்கள் ஒரு போட்டி மன்றத்தை விழுங்கினார்கள், கைவினைஞர்களின் நகரம் தன் மன்றத்தை இழந்தது. சதுக்கத்தின் நடுவே நகர மன்றம் நின்ற இடத்தில் இன்று இருப்பது 1824இல் கட்டிய முன்னாள் புராட்டஸ்டன்ட் ஆலயம். 1309இல் தொடங்கிய புனித யாக்கோபு ஆலயம் மட்டும், வெளிப்புற வளைவுத் தாங்கிகளும் வண்ணச் செங்கல் அலங்காரமுமாக, இந்தப் பாதி ஊரும் ஒரு காலத்தில் பழைய நகருக்கு ஈடாகச் செலவு செய்தது என்று காட்டுகிறது. சபையின் பிடியிலிருந்து கிடைத்த விடுதலையில் எல்லாருக்கும் சம பங்கு கிடைத்ததாக நம்புகிறவர்கள், பழைய சதுக்கத்தின் நகர மன்றத்தைப் பார்த்த கையோடு இந்தச் சதுக்கத்துக்கும் வந்து பார்க்க வேண்டும்.