கொல்லிமலையின் பனிக்கால அறுவடை

கொல்லிமலையின் பனிக்கால அறுவடை என்பது, மேட்டுக்காடுகளின் கடைசி விளைச்சலை எடுத்து, அடுத்த மழை வரைக்குமான உணவையும் விதையையும் சேமித்துவைக்கும் மரபான வேளாண் நடைமுறை. கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்களில் இம்மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் இதைச் செய்கின்றனர். கடந்த எண்பது ஆண்டுகளில் இந்தச் சேமிப்பு மாறிய விதமே, கொல்லிமலைச் சிறுதானியங்கள் குறைந்ததன் வரலாறும் ஆகும்.

இடமும் பருவமும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரம் கொண்டது. சேலம் மாவட்டத்தில் இருந்த இம்மலை, 1997-ல் உருவான நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்தது. சங்க இலக்கியம் இதை வல்வில் ஓரியின் மலையாகக் குறிப்பிடுகிறது.

ஓடைகளை ஒட்டிய பள்ளவயல்களில் நெல் விளைகிறது. சரிவான மேட்டுக்காடுகள் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றுக்கு உரியவை. இங்கு குளிர்காலத்துக்கான ஆயத்தம் பயிரை உறைபனியிலிருந்து காப்பதற்கானது அல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் கோடைமழை வரை நிலம் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியைக் கடப்பதற்கான ஏற்பாடே இது.

கடைசி விளைச்சல்

சாமை முதலில் அறுவடைக்கு வரும், கேழ்வரகு அதற்குப் பின் முற்றும். தானியத்துக்கிடையே ஊடுபயிராக விதைத்த அவரை, மொச்சை, துவரை ஆகியவை காட்டில் எஞ்சி நிற்கும். நாட்டு அவரையும் மொச்சையும் பகற்பொழுது குறுகும்போதுதான் பூக்கும். ஆகவே தானியம் அறுத்த காட்டில், பனி விழும் மார்கழி, தை மாதங்களில் காய் பறிக்க முடிகிறது. இளங்காய் குழம்புக்கு ஆகும். முற்றிய காய்கள் கொடியிலேயே காய விடப்பட்டு, பருப்புக்கும் விதைக்கும் எடுக்கப்படும். முற்றிய பூசணியும் பரங்கியும் காம்போடு அறுத்து வைக்கப்பட்டால் சில மாதங்கள் கெடாமல் இருக்கும்.

தொம்பை

வீட்டுக்கு அருகே, தரையில் படாதபடி உயர்த்திக் கட்டப்பட்ட தானியக் கூடு தொம்பை எனப்படுகிறது. மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, மேலே புல்வேய்ந்த கூரை அமைப்பர். நன்கு காய்ந்த கேழ்வரகு பூச்சி பிடிக்காமல் பல ஆண்டுகள் இருக்கும் என்பதால், மழை பொய்த்த ஆண்டுக்கான காப்பாகவும் தொம்பை இருந்தது.

விதை தனியே வைக்கப்படும். நல்ல கதிர்களைத் தேர்ந்து ஒதுக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. காய்கறி விதைகளைச் சாம்பலில் புரட்டி வைப்பர். வெள்ளைப்பெருஞ்சாமை, சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை போன்ற சாமை வகைகளும், செந்தினை, பாலாந்தினை போன்ற தினை வகைகளும் இப்படி வீட்டுக்கு வீடு காக்கப்பட்டவை. ஒரு வகையின் விதையை எல்லா வீடுகளும் தொடர்ந்து சில ஆண்டுகள் எடுத்து வைக்காமல் விட்டால், பழைய விதை முளைக்கும் திறனை இழந்துவிடும். அத்துடன் அந்த வகை மலையிலிருந்தே மறையும்.

மரவள்ளியின் வருகை

இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைபட்டது. அதைத் தொடர்ந்து 1940-களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழில் தொடங்கி, சுற்றுவட்டாரமெங்கும் பரவியது. 1981-ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் சேலத்தில் நிறுவப்பட்டது. சமவெளி ஆலைகளின் தேவை மலைச்சரிவுகளிலும் மரவள்ளியைப் பரப்பியது.

மரவள்ளி சேமிப்பின் தன்மையையே மாற்றியது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். அதை வீட்டில் வைக்க முடியாது, உடனே லாரியில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டும். அடுத்த நடவுக்குத் தண்டுக் குச்சியே போதும் என்பதால் விதை காக்கும் வேலையும் இல்லை. காடு பணமாயிற்று, தொம்பை வெறுமையாயிற்று. கிழங்கு பிடுங்கும்போது சரிவின் மண் கிளறப்பட்டு அரிப்புக்கு ஆளாவது மற்றோர் இழப்பு.

இம்மாற்றத்தை வருமான ஆசை என்று மட்டும் கொள்வது சரியல்ல. கேழ்வரகை அரைத்தால் மாவாகும். சாமைக்கும் தினைக்கும் உமி நீக்க வேண்டும். பெண்கள் உரலில் இட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தியே ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி கிடைத்தது. மலிவான நியாயவிலைக் கடை அரிசி வந்தபின் அந்த உழைப்பைத் தொடர அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

மீட்பு முயற்சிகள்

1990-களின் பிற்பகுதியிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணிகளை மேற்கொண்டு வருகிறது. உள்ளூர் வகைகளைத் திரட்டி ஊர் விதை வங்கிகள் அமைக்கப்பட்டன. உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் ஊர்களுக்குள் வந்தன. மகளிர் சுய உதவிக்குழுக்கள் சாமை, தினை, கேழ்வரகுப் பொருட்களைத் தயாரித்து விற்றன. இந்தியாவின் முன்மொழிவின் பேரில் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, கொல்லிமலையின் அனுபவம் முன்னுதாரணமாகக் காட்டத்தக்க நிலையில் இருந்தது.

விதை வங்கி தொம்பையின் பணியை ஊர் அளவில் செய்கிறது. எனினும் இந்த மீட்பில் உலக்கைக்கு மாற்றாக வந்த இயந்திரத்தின் இடம் முக்கியமானது. குத்தும் உழைப்பு குறைந்த இடத்தில்தான் சாமையை மீண்டும் விதைப்பதும், அறுத்ததில் ஒரு பங்கை விதைக்கு ஒதுக்குவதும் பொருளுடையதாகின்றன.