நாட்காட்டியிலிருந்து நிலத்துக்கு: அமெரிக்க நகராட்சிகளின் தேர்தல் பலகை விதிகள், 1979–2022

அமெரிக்கத் தேர்தல் பலகை என்றதும் நம் ஊர் நாற்சந்திகளில் எழும்பும் கட் அவுட்டை நினைத்துக்கொள்ளக் கூடாது. கம்பிக் காலில் மாட்டி வீட்டு முன்புறப் புல்வெளியில் ஊன்றும் முழ உயர அட்டைதான் அங்கே பெரும்பாலும் தேர்தல் பலகை. அதை எப்போது நடலாம், எவ்வளவு பெரிதாக வைக்கலாம், வாக்குப்பதிவு முடிந்து எத்தனை நாளில் பிடுங்க வேண்டும் என்றெல்லாம் நகராட்சிகள் தத்தம் போக்கில் விதி எழுதின. இந்த விதிகளின் வரலாற்றைப் பேச்சுரிமைக்கும் நகர அழகுக்கும் நடந்த இழுபறி என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். தேர்தல் பலகையைத் தனி இனமாகப் பிரித்து அதற்கு நாள் குறித்த விதிகள் பெரும்பாலும் சலுகையாகவே பிறந்தன. அவற்றைப் பின்னாளில் வீழ்த்தியதும் அந்தச் சலுகைதான். பலகை எந்த நிலத்தில் நிற்கிறது என்று மட்டும் கேட்ட விதிகள் பிழைத்துக்கொண்டன.

நகரத்தின் தோற்றத்தைக் காப்பதும் அரசின் முறையான நோக்கமே என்று 1954-இல் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதற்குப் பின் விளம்பரப் பலகைகளை ஒடுக்க நகராட்சிகளுக்குத் துணிவு கூடியது. ஆனால் எல்லாவற்றையும் தடுத்தால் தேர்தல் என்னாவது? ஆகவே விதியில் விலக்குகள் நுழைந்தன. சான் டியாகோ நகரம் பெரும் விளம்பரத் தட்டிகளைத் தடை செய்தபோது விலக்களித்த பன்னிரண்டு வகைகளில் தற்காலிகத் தேர்தல் பலகையும் ஒன்று. 1981-இல் மெட்ரோமீடியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் அந்த விதி வீழ்ந்தது. வணிகம் சாராத பேச்சுகளில் இன்னதைச் சொல்லலாம், இன்னதைச் சொல்லக் கூடாது என்று நகரம் தேர்ந்தெடுக்க முடியாது என்பது நீதிபதி வைட் எழுதிய கருத்தின் ஒரு முக்கியக் காரணம். சலுகையின் மறுபக்கம் நாட்காட்டி. கலிஃபோர்னியாவின் ஆன்டியோக் நகரம் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களுக்கு மட்டும் அரசியல் பலகைகளை அனுமதித்தது; கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் 1982-இல் அதைச் செல்லாததாக்கியது.

அதே கலிஃபோர்னியாவில் நிலத்தை அளவுகோலாகக் கொண்ட விதி வேறு கதியை அடைந்தது. 1979 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமன்றத்துக்குப் போட்டியிட்டவர் ரோலண்ட் வின்சென்ட். அவருடைய ஆதரவாளர்கள் 15 அங்குலத்துக்கு 44 அங்குல அட்டைகளைத் தெருக் கம்பங்களின் குறுக்குக் கம்பிகளில் மடித்துத் தொங்கவிட்டனர். பொதுச் சொத்தில் எந்த அறிவிப்பையும் ஒட்டக் கூடாது என்பது நகர விதி. மார்ச் 1 முதல் 7 வரை ஊழியர்கள் 1,207 பலகைகளை அகற்றினர். அவற்றில் வின்சென்ட்டின் பெயர் தாங்கியவை 48. மற்றவற்றில் பெரும்பாலானவை வணிக விளம்பரங்கள். இதை எதிர்த்து எழுந்த வழக்குக்கு உயிர்நாடி இந்த எண்கள் என்றே சொல்வேன். வேட்பாளரைக் குறிவைத்த அகற்றலாக இருந்திருந்தால் விகிதம் இப்படி இருந்திருக்காது. 1984-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் விதி நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், தேர்தல் பேச்சுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் கட்டாயம் நகரத்துக்கு இல்லை என்றார். குடிமகனுக்குத் தன் சொந்த நிலத்தின் மீதுள்ள அக்கறை வேறு வகையானது என்றும் பிரித்துக் காட்டினார்.

அந்தப் பிரிவினை பத்தே ஆண்டில் பயன்பட்டது. மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸை அடுத்த லடூ நகரம், வீட்டு எண், விற்பனை அறிவிப்பு, அபாய எச்சரிக்கை போன்ற பத்து வகை தவிர வீடுகளில் எந்தப் பலகையும் கூடாது என்றது. வளைகுடாப் போரை எதிர்த்துக் கடிதத்தாள் அளவில் ஓர் அட்டையை ஒரு பெண்மணி தன் மாடிச் சன்னலில் வைத்தது வழக்காயிற்று. 1994-இல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றனர். இத்தீர்ப்பையும் எழுதியவர் ஸ்டீவன்ஸ்தான். இரண்டையும் முரண் என்று கருதுவோர் உண்டு. எனக்கு அவை ஒரே கோட்டின் இரு பக்கங்களாகவே தெரிகின்றன. கம்பம் ஊருடையது, சன்னல் வீட்டாருடையது. இதற்கிடையில் நாட்காட்டி விதிகள் கீழே சரிந்துகொண்டிருந்தன: டகோமா நகரத்தின் 60 நாள் வரம்பை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1993-இல் நீக்கியது, தேர்தலுக்கு முன் 30 நாள், பின் 7 நாள் என்ற மிசௌரியின் கிளாட்ஸ்டோன் நகர விதியை, அரசியல் பலகைக்கு மட்டும் அது பொருந்தியதால், மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995-இல் தள்ளியது.

இறுதி அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. அரிசோனாவின் கில்பர்ட் ஊராட்சி 23 வகைப் பலகைகளுக்கு முன்அனுமதியிலிருந்து விலக்களித்திருந்தது. அரசியல் பலகை 32 சதுர அடி வரை போகலாம். முதல்நிலைத் தேர்தலுக்கு 60 நாள் முன்பிருந்து பொதுத்தேர்தலுக்குப் பின் 15 நாள் வரை நிற்கலாம். சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறு தேவாலயம் ஞாயிறு வழிபாட்டுக்கு வழிகாட்ட வைக்கும் பலகையோ 6 சதுர அடிக்குள் அடங்க வேண்டும். வழிபாட்டுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் நட்டு, அது முடிந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். 2015-இல் ரீட் எதிர் கில்பர்ட் வழக்கில் விதி செல்லாது என்பதில் நீதிபதிகள் அனைவரும் ஒத்துப்போயினர். பெரும்பான்மைக் கருத்தை எழுதிய தாமஸ், பலகை என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறினால் அது கடுமையான சோதனையைத் தாண்ட வேண்டும் என்றார். தேர்தலுக்குத் தாராளம் காட்டிய விதி, அந்தத் தாராளத்தாலேயே மாண்டது.

இதற்கு எழும் மறுப்புகளில் மூன்று முக்கியமானவை. நாள் குறிக்காவிட்டால் தோற்றவர்களின் அட்டைகள் மாதக்கணக்கில் மக்கிக் கிடக்கும் என்பது முதலாவது. பொது நிலத்தைப் பொறுத்தவரை வின்சென்ட் தீர்ப்பு இதற்கு விடை சொல்லிவிட்டது. பாகுபாடு இல்லாமல் எல்லாவற்றையும் அகற்றலாம் என்பதை ரீட் தீர்ப்பும் உறுதிசெய்கிறது. ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்கான பலகைக்குக் கால வரம்பு வைக்கலாம் என்று நீதிபதி அலிட்டோ தம் தனிக் கருத்தில் பட்டியலிட்டிருக்கிறாரே என்பது இரண்டாவது. அவரோடு கையெழுத்திட்டவர்கள் இருவர் மட்டுமே. பெரும்பான்மைத் தீர்ப்பு வீழ்த்தியதோ அத்தகைய நிகழ்ச்சி சார்ந்த விதியைத்தான். அந்தப் பட்டியலை நம்பி விதி எழுதும் நகராட்சி வழக்கை வீட்டுக்கு அழைக்கிறது. மூன்றாவது மறுப்புதான் கனமானது. நிலத்தை அளவுகோலாக்கினால் நிலம் உள்ளவனுக்கே பேச்சு; வாடகை வீட்டாருக்கும் பணமில்லாத வேட்பாளருக்கும் கம்பமும் சாலையோரமும் போய்விடும். இதை மறுக்க என்னிடம் முழு விடை இல்லை. விலக்குகளை எடுத்துவிடுவதா, கட்டுப்பாட்டையே கைவிடுவதா என்று ஊர்கள் திண்டாடும் என நீதிபதி கேகன் ரீட் வழக்கிலேயே எச்சரித்தார். ஆயினும் பரிகாரம் நாட்காட்டிக்குத் திரும்புவதில் இல்லை. தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மனையிலும் கூடுதலாகச் சில தற்காலிகப் பலகைகளை, அவற்றில் எது எழுதியிருந்தாலும், அனுமதிக்கும் விதிகளைப் பல ஊர்கள் பின்னர் எழுதின. சாலையோரத்தையும் இதே முறையில் திறந்துவிட எந்தத் தடையும் இல்லை. வேண்டியது நகரமன்றத்தின் மனம்.

2022-இல் ஆஸ்டின் நகர வழக்கில் நீதிமன்றம் சற்றுத் தளர்ந்தது. பலகை நிற்கும் இடத்துக்கு வெளியே உள்ள பொருளை அது விளம்பரப்படுத்துகிறதா என்று பார்க்க, அதை வாசிக்க நேர்வதாலேயே விதி கெட்டுவிடாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தளர்வு தேர்தல் நாட்காட்டியைக் காப்பாற்றவில்லை. தேர்தல் பலகையை மட்டும் 15 நாளில் அகற்றச் சொல்லும் விதி இன்றும் நிற்காது. தற்காலிகப் பலகை எதுவாயினும் இத்தனை நாள், இத்தனை சதுர அடி என்று எழுதினால் நிற்க வாய்ப்பு உண்டு.