ஐந்து மைலும் ஒரு பாஸும்

எங்கள் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றது 1967இல். படிப்பு வராமல் இல்லை. வகுப்பில் அவள்தான் முதல். உயர்நிலைப் பள்ளி ஐந்து மைல் தள்ளி இருந்தது. வயசுப் பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் நடக்க விட அப்பாவுக்கு மனமில்லை. தனியார் பஸ் ஒன்று போய் வந்தது. ஆனால் தினமும் டிக்கெட் எடுத்தால் ஒரு வேளை அரிசிக் காசு போய்விடும். இரண்டு வருஷம் கழித்து அதே பள்ளிக்கு நான் நடந்தே போனேன். பையன் அல்லவா!

காமராஜர் காலத்தில் ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது குறிக்கோளாக இருந்தது. பள்ளிக்கூடங்கள் ஊரை நோக்கி வந்தன. பெரிய சாதனைதான். ஆனால் மிச்சமிருந்த அந்த ஐந்து மைலைப் பிள்ளைகள் எப்படிக் கடப்பது?

அதற்கு வழி பிறந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, பஸ் டெப்போவில். 1972ஐ ஒட்டிப் பெரிய தனியார் பஸ் கம்பெனிகள் அரசுடைமையாயின. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. 1978இல் பிளஸ் டூ வந்தபோது பஸ்ஸின் தேவை இன்னும் கூடியது. மேல்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் டவுனில்தான் இருந்தன. மாணவர்களுக்கு முதலில் சலுகைக் கட்டணம், பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ் என்று திட்டம் வளர்ந்தது. அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் அது நீண்டது. இதற்கான தொகையைக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறது. தனியார் வண்டியில் இந்தப் பாஸ் செல்லாது. அரசு பஸ் எட்டிப் பார்க்காத ஊரில் பாஸ் வெறும் அட்டைதான்.

குறை இல்லாமல் இல்லை. யூனிபாரத்தைக் கண்டதும் நிறுத்தாமல் போகும் வண்டிகளையும், படிக்கட்டில் தொங்கும் பிள்ளைகளையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாஸ் கொடுத்தால் மட்டும் போதாது. போதுமான வண்டியும் விட வேண்டும்.

அக்காவின் மகள் சலுகை பாஸில் போய்ப் பிளஸ் டூ முடித்தாள். பேத்தி இலவச பாஸில் போய் ஐ.டி.ஐ. படித்து இன்று வேலையில் இருக்கிறாள். 2021 முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அக்கா இப்போது அதே ஐந்து மைலை ஆஸ்பத்திரிக்காகப் போய் வருகிறாள். போன வாரம் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இப்பத்தான் தம்பி பாஸ் கிடைச்சிருக்கு."