ஆரணிக் கிணறும் ஆனைக்குட்டத்துத் தண்ணீரும்

அர்ச்சுனா நதியில் வெள்ளம் பார்ப்பதே எங்களுக்கு அபூர்வம். அது ஆனைக்குட்டம் அணையில் கொஞ்சம் தேங்கினால் விருதுநகருக்குக் குடிதண்ணீர். இந்த வறண்ட சீமையில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பட்டாசு பின்னால் வந்தது. மருந்து காய வெயில் போதும். வேலைக்கு வந்து குடியேறிய சனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய எனக்கு இந்தக் கேள்வியைக் கையில் கொடுத்தவை எஸ். ஜனகராஜனின் ஆய்வுகள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். சென்னை வெள்ளம், காவிரிக் கழிமுகத்தில் கடல்நீர் ஏறுவது என்று பருவநிலை பற்றி அவர் பேசியதைப் பலர் அறிவார்கள். நான் மதிப்பது அதற்கு முந்தைய ஜனகராஜனை. ஆரணி வட்டாரக் கிராமங்களில், 1970களிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக, பார்பரா ஹாரிஸ்-வைட்டுடன் வேலை செய்தவர். அந்த ஆய்வு 2004இல் நூலாக வந்தது.

அவர் விவரித்த கிணறு எனக்குத் தெரிந்த கிணறுதான். தண்ணீர் இறங்கினால் ஒருவர் தோண்டுவார். பக்கத்துக்காரர் அதைவிட ஆழத் தோண்டுவார். என் அப்பா கடன் வாங்கிக் கிணற்றுக்குள் சைடு போர் போட்டார். அடுத்த கோடையில் அதுவும் காற்றுத்தான் விட்டது. போட்டியில் தோற்றவர் ஜெயித்தவரிடம் தண்ணீர் வாங்க வேண்டும். விற்பவர் கை ஓங்கும். வாங்குபவர் காசோடு சேர்த்துச் சொல்லுக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் முதலில் விழுபவர் யார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

பிறகு அவர் எடுத்துக்கொண்டது பாலாறு. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெட்ட நிலத்தைத் தீர்ப்பு மட்டும் மீட்டுவிடாது என்று ஜனகராஜன், தோல் ஆலைக்காரர்களையும் விவசாயிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முயன்றார். அதன்பின் சென்னையைச் சுற்றிய கிராமங்கள். வயலுக்குப் பாய்ந்த கிணற்றுநீர் டேங்கர் லாரியில் ஏறிப் பட்டணம் போனது. கிணற்றுக்காரருக்குப் பணம் வந்தது, நாற்று நட்ட பெண்களுக்கு வேலை போனது.

எங்கள் கண்மாயில் மடை திறப்பவர் நீர்பாய்ச்சி. அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்குவார். தகராறு என்றால் எந்த வாசலில் போய்க் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று விருதுநகர் ஆனைக்குட்டத்துத் தண்ணீரோடு தாமிரபரணியையும் குழாயில் குடிக்கிறது. 2021இல் சிவகாசி, திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. எல்லை விரிந்தது, ஆறு அதே ஆறுதான். கண்மாய்க்கு இருந்த வாசலைப்போல, அணைத் தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு, நகருக்கு எவ்வளவு என்று பேச, நகரத்தாரும் ஆயக்கட்டுக்காரர்களும் சேர்ந்து உட்காரும் மேசை ஒன்று வேண்டும்.

மாவட்டம்தோறும் பருவநிலைத் திட்டம் வகுக்கும் காலம் இது. விருதுநகருக்கு வகுப்பவர்கள் ஆரணியில் செய்ததுபோல ஆனைக்குட்டத்துக் கிணறுகளை முதலில் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும்: எத்தனை அடியில் தண்ணீர், யார் ஆழப்படுத்தினார், யார் வெள்ளாமையை விட்டார், அவர் இப்போது எந்தப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறார்.