சிற்றறையின் பெருங்கதை

பிள்ளைகள் துயிலும் சிற்றறையை அழகு செய்வது வரலாற்றுக்குரிய பொருளா என்று நேயர்கள் வினவக்கூடும். பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது உரிய பொருளே. மூன்று நான்கு பிள்ளைகள் ஒன்றாய்ப் படுத்துறங்கும் அறையின் சன்னலும் சுவரும் விளக்கும் இந்நகரில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவை பற்றி வந்து சேர்ந்தவை.

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தினின்று பெங்களூருவுக்கு மாற்றப்பட்டது. சென்னைப் படையின் சிப்பாய்களைத் தொடர்ந்து வணிகரும் கைவினைஞரும் பணியாளரும் தமிழகத்திலிருந்து வந்து அல்சூர் முதலிய இடங்களில் குடியேறினர். அவர்தம் எளிய இல்லங்களில் படுக்கையறை எனத் தனியே ஒன்றில்லை. இரவில் பாய் விரித்தால் துயிலிடம். காலையில் அதனைச் சுருட்டி மூலையில் சாத்தினால் கூடம். கைக்குழந்தைக்கு உத்தரத்தில் தொங்கும் புடவைத் தூளி. சிறு பொருள்களுக்குச் சுவரில் ஒரு மாடம். குறுகிய இடத்தைப் பெருக்கிக்கொள்ளும் அறிவு அதில் இருந்தது. குறைந்திருந்தவை வெளிச்சமும் காற்றுமே.

அக்குறையை உணர்த்த ஒரு பெருந்துயர் வேண்டியிருந்தது. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளேக் நோய் பெங்களூருவில் புகுந்தது. நெருக்கமான தெருக்களில் மக்கள் மாண்டனர். பலர் ஊரைவிட்டு வெளியேறினர். இந்நகரில் இன்றும் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன் அந்த அச்சத்தின் நினைவு. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே இந்நோயைப் பரப்புகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் அதே 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். ஆயினும் உலகம் அதனை ஏற்கச் சில ஆண்டுகள் சென்றன.

நோயின் விளைவாக நகரம் அகன்றது. பசவனகுடியும் மல்லேசுவரமும் அகன்ற தெருக்களோடு வளர்ந்தன. தண்டுப் பகுதியில் 1910ஆம் ஆண்டு பிரேசர் டவுன் தோன்றியது. அதனை அமைப்பதில் முன்னின்ற ஸ்டீபன்ஸ் என்பார், பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். வீட்டைச் சுற்றி வெளியிடம், அறைதோறும் காற்றோட்டம், எலி தங்க இயலாத கட்டுமானம் என்பனவே அவர்தம் கொள்கையின் சாரம். இன்று நாம் சன்னலுக்குத் திரையிட்டு மகிழ்கிறோம். அச்சன்னலை நம் அறைக்குப் பெற்றுத் தந்தது நோயின் அச்சமே.

விளக்கின் கதை மகிழ்ச்சி தருவது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்கும், 1905 ஆகஸ்டில் பெங்களூருத் தெருக்களுக்கும் வந்தது. எளியோர் இல்லங்களை அடைய அதற்கு மேலும் நெடுங்காலம் ஆயிற்று. விடுதலைக்குப் பின் தொலைபேசி, கைக்கடிகாரம், மின்னணுக் கருவி முதலியவற்றைச் செய்யும் அரசுத் தொழிற்சாலைகள் இங்கு எழுந்தபோது அவற்றின் ஊழியர்க்குக் குடியிருப்புகளும் எழுந்தன. வேலை தேடி வந்த தமிழர் பலர்க்கு அத்தகைய ஓரிரு அறைகளே உலகமாயின.

சுவரின் கதை எச்சரிக்கை தருவது. பழைய இல்லங்கள் சுண்ணாம்பு பூசப்பெற்றவை. பின்னர் வந்த பளபளப்பான எண்ணெய் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. உதிர்ந்த வண்ணத் துகளைத் தீண்டிய விரலைக் குழந்தை வாயில் வைத்தால், ஈயம் உடலிற் சேர்ந்து அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். 2016இல் வகுக்கப்பெற்ற இந்திய விதி, வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று கட்டளையிட்டது. பிளேக் எலியைப் போன்றே இவ்வெதிரியும் சுவரோரத்தில் மறைந்திருப்பது. ஆதலின் பழஞ்சுவரை உலர்ந்தபடி சுரண்டாது, ஈரத்துணியால் துடைத்தபின் புதுப்பூச்சு பூசுவதே நன்று. அவ்வேளையில் பிள்ளைகளை அப்புறப்படுத்துதல் வேண்டும்.

இக்கதைகளினின்று நாம் பெறும் பாடம் எளியது. சிற்றறையின் முதல் அணி வெளிச்சமும் காற்றும். சன்னலை மறைத்து அலமாரியை நிறுத்தலாகாது. இரண்டாவது அணி வெறுந்தரை. பாயைச் சுருட்டிய நம் முன்னோரின் வழக்கம் பிள்ளைகளுக்கு ஆடுமிடம் தந்தது. மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையான ஒரு மாடம். மூத்தவளின் புத்தகமும் இளையவனின் சென்னபட்டணத்து மரப்பொம்மையும் தத்தம் இடத்தில் அமர்ந்தால், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

நான்காவது அணி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரியது. பள்ளியிலும் தெருவிலும் பிள்ளைகள் கன்னடம் கற்பது அவர்க்கு நலமே. தாம் வாழும் மண்ணின் மொழியன்றோ? தமிழ் நெடுங்கணக்கை அவர்கள் நாள்தோறும் காணும் இடம் அச்சிற்றறையின் சுவராக இருக்கலாம். உறங்குமுன் தங்கை ஓரெழுத்தைச் சுட்ட அக்காள் அதனைச் சொல்வாளாயின், அவ்வறைக்கு அதனினும் பெரிய அழகு வேண்டுவதில்லை.