கடைவீட்டு மாடியில் தேவாலயம், வார நாளில் டியூஷன்: பெர்மாஸ் ஜெயா மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெர்மாஸ் ஜெயாவில் குடியிருப்பவர் என்றால் இப்படி ஒரு கடைவரிசை உங்களுக்குப் புதிதாக இருக்காது. கீழே கோப்பித்தியாம், பக்கத்தில் கிளினிக், அதற்கு அடுத்து கைப்பேசிக் கடை. மாடி ஜன்னல் கண்ணாடியில் சின்னதாக ஒரு சிலுவை ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரும் டிரம்ஸும் கேட்கும். மற்ற ஆறு நாளும் படிக்கட்டுக் கதவு பூட்டியே கிடக்கும்.

வாடகை மட்டும் ஏழு நாளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. சும்மா கிடக்கும் அந்த இடத்தை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடலாமே என்று யோசிக்கும் திருச்சபைகள் மலேசியாவில் கூடிவருகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன், உணவுப் பொருள் விநியோகம், ரத்த தான முகாம், தாமான் மக்களின் கூட்டம் என்று பல வகை. பெர்மாஸ் ஜெயா மாதிரியான ஊருக்கு இது பொருந்தியும் வரும். ஏனென்றால் இங்கே பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ விடியும் முன் காஸ்வே பக்கம் கிளம்பினால், திரும்ப வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பள்ளி விட்டதிலிருந்து இரவு வரை பிள்ளைக்குப் பாதுகாப்பான ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் “இலவசம், யாரும் வரலாம்” என்ற நோட்டீஸைப் பார்த்ததும் மனதில் ஓடுவது வேறு. பிள்ளையை அனுப்பலாமா? மதம் மாற்றிவிடுவார்களா? கடைவீட்டில் தேவாலயம் நடத்துவதே சட்டப்படி சரிதானா? ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

ஏன் கடைவீடு?

முதல் காரணம் நிலம். ஒரு தாமான் உருவாகும்போது அதன் திட்டத்தில் வழிபாட்டுத் தலங்களுக்கென நிலம் குறிக்கப்படும். முஸ்லிம் அல்லாத சமயங்கள் பல, ஒவ்வொன்றுக்குள்ளும் பிரிவுகள் பல. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எல்லாருக்கும் நிலம் கிடைப்பது நடக்காத காரியம். அப்படியே கிடைத்தாலும் நில அலுவலகம், திட்டமிடல் துறை, கட்டட அனுமதி, நிதி திரட்டு என்று ஆண்டுகள் ஓடிவிடும். ஐம்பது அறுபது பேர் உள்ள ஒரு சபை அதுவரை எங்கே கூடும்? வாடகைக்குக் கிடைக்கும் கடைவீட்டு மாடியில்தான்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு கதையும் உண்டு. தோட்டம் இருந்த காலத்தில் கோயிலோ சின்ன தேவாலயமோ தோட்டத்து நிலத்திலேயே இருந்தது; யாரும் பட்டா கேட்கவில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மக்கள் தாமானுக்கு வந்தார்கள், வழிபாட்டு இடம் கூடவே வரவில்லை. நாட்டில் பல கோயில்களின் நிலச் சிக்கல் இதிலிருந்து தொடங்கியதுதான். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அதே நிலைமை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் வெளியே அதிகம் பேசப்படவில்லை, அவ்வளவுதான்.

கடைவீட்டுத் தேவாலயம் மலேசியாவின் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வேலை தேடி சிகாகோ போன்ற நகரங்களுக்குப் போன கறுப்பின மக்கள், நூறு ஆண்டுகளுக்கு முன்பே காலிக் கடைகளில் சபை தொடங்கினார்கள். இடம் மாறி வந்தவர்கள் முதலில் பிடிப்பது வாடகைக் கடையைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்ற சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 11ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு இன்னும் தெளிவு: ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய விவகாரங்களைத் தானே நிர்வகிக்கலாம், சமய, அறப்பணி நிலையங்களை நடத்தலாம், சொத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆக, உரிமை இருக்கிறது. சிக்கல் கட்டடத்தில்.

நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம். கடைவீட்டின் பத்திரத்தில் அது வர்த்தகப் பயன்பாட்டுக்கு என்று இருக்கும். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு கட்டடத்தின் பயன்பாடு கணிசமாக மாறினால் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். பெர்மாஸ் ஜெயாவைப் பொறுத்தவரை அது எம்பிஜேபி, அதாவது ஜொகூர் பாரு மாநகர் மன்றம். இதற்கான வழிகாட்டி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிலாங்கூரில் இருக்கும் நண்பர் “இங்கெல்லாம் பிரச்சினை இல்லை” என்று சொன்னால், அது ஜொகூருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

காஸ்வேக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் இதை எழுதியே வைத்திருக்கிறது. வர்த்தகக் கட்டடத்தைச் சமயக் கூட்டத்துக்குக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் பயன்படுத்தலாம். அந்த இடம் சபைக்கு மட்டுமே உரியதாக இருக்கக்கூடாது. சமயச் சின்னமோ பெயர்ப்பலகையோ மாட்டக்கூடாது. கண்டிப்பான விதிதான். ஆனால் சபைக்கும் தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும், எது சரி எது தப்பு என்று.

அடுத்தது தீப் பாதுகாப்பு. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கட்டட விதிகளில் கடை ஒரு வகை, மக்கள் கூடும் இடம் வேறு வகை. கடைவீட்டு மாடிக்குப் பெரும்பாலும் ஒரே குறுகிய படிக்கட்டு, கீழே இரும்புக் கம்பிக்கதவு, ஜன்னல்களிலும் கம்பி. நான் ஐந்தாம் படிவம் படிக்கும்போது இப்படி ஒரு மாடியில்தான் டியூஷன் போனேன். பிள்ளைகள் வெளியே ஓடாமல் இருக்க வகுப்பு தொடங்கியதும் கீழே பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமட் தாஃபிஸ் பள்ளியில் தீப்பிடித்து, கம்பி போட்ட ஜன்னல் வழியாக வெளியேற முடியாமல் மாணவர்களும் வார்டன்களுமாக 23 பேர் இறந்த செய்தியைக் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பூட்டுதான். தாஃபிஸ், தேவாலயம், டியூஷன் நிலையம் என்று தீ பேதம் பார்க்காது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது

ஜொகூர் வாசிகளுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் இது. 2014 ஜனவரி 1 முதல் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. ஞாயிறு பள்ளி நாள், அரசாங்க அலுவலக நாள். தனியார் நிறுவனங்களில் பல பழையபடியே சனி, ஞாயிறு விடுமுறையைத் தொடர்ந்தன. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஞாயிறு லீவு, பிள்ளைக்குப் பள்ளி. குடும்பத்தோடு ஞாயிறு காலை ஆராதனைக்குப் போவது பலருக்கு முடியாமல் போனது.

2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு ஆனது. சபைகளுக்கு வசதி. ஆனால் தாமானில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நாளும் இப்போது அதே ஞாயிறு. கோப்பித்தியாமில் கூட்டம், சந்தைக்குப் போகிற கூட்டம், மாடியில் ஆராதனைக்கு வருகிற கூட்டம் எல்லாம் ஒரே பார்க்கிங்கில். கடைவீட்டுத் தேவாலயத்தைப் பற்றி வரக்கூடிய புகாரில் சமயத்தைவிட, இரட்டை வரிசையில் நிறுத்திய கார்தான் முதலில் இருக்கும் என்பது என் அனுமானம்.

2011, 2015: இரண்டு சம்பவங்கள்

இடத்தைப் பகிர்ந்துகொள்வது நல்ல எண்ணம் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல என்பதைச் சிலாங்கூரில் நடந்த இரண்டு சம்பவங்கள் காட்டின.

2011 ஆகஸ்ட் 3ஆம் தேதி, பெட்டாலிங் ஜெயாவில் டாமன்சாரா உத்தாமா மெதடிஸ்ட் தேவாலயத்தின் வளாகத்தில் ஓர் இரவு விருந்து. ஏற்பாடு செய்தது தேவாலயம் அல்ல, ஹரப்பான் கொமுனிட்டி என்ற சமூகநல அமைப்பு. சிலாங்கூர் இஸ்லாமிய சமய இலாகாவான ஜாயிஸ் அங்கே சோதனை நடத்தியது. விருந்தினர்களில் 12 பேர் முஸ்லிம்கள். மதமாற்ற முயற்சி என்ற சந்தேகம் எழுந்தது, தேவாலயம் அதை மறுத்தது, நாடே சில மாதங்கள் அதைப் பற்றிப் பேசியது. கடைசியில் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. பின்னணியில் உள்ள சட்டம் இது: அரசியலமைப்பின் 11ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஜொகூரில் அதற்கான சட்டம் 1991இல் வந்தது. ஆகவே “எல்லாரும் வரலாம்” என்று நோட்டீஸ் ஒட்டும் சபை, அந்த நிகழ்ச்சியில் ஜெபம், பாடல், துண்டுப் பிரசுரம் எதுவும் இருக்காது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 2015 ஏப்ரல் 19. பெட்டாலிங் ஜெயா தாமான் மேடானில் கடைவரிசை ஒன்றில் புதிதாகத் தொடங்கிய தேவாலயத்தின் முன் சுமார் 50 பேர் திரண்டு, வெளிச்சுவரில் இருந்த சிலுவையை அகற்றச் சொன்னார்கள். அன்றே சிலுவை இறக்கப்பட்டது. ஆராதனைக்கு வந்தவர்களின் உரிமை மிதிக்கப்பட்டதாகப் பல தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. அதில் முஸ்லிம் தலைவர்களும் இருந்தார்கள். கும்பலாகப் போய் மிரட்டுவது தப்பு, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அக்கம்பக்கத்துக்கு ஒரு முகம்கூடத் தெரியாத நிலையில் பெயர்ப்பலகை மட்டும் முதலில் தெரிந்தால், வதந்திக்கு வேலை சுலபமாகிவிடுகிறது.

பிள்ளையை அனுப்பும் முன்

மதமாற்றக் கேள்விக்கு வருவோம். தமிழ்க் குடும்பங்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. தன்னுடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறவோ சடங்கில் கலந்துகொள்ளவோ யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான் முடிவு செய்வார். அங்கே பெற்றோர் என்றால் இருவரும் என்று 2018 ஜனவரி 29இல் இந்திராகாந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது இஸ்லாத்துக்கு மாற்றப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய வழக்கு என்றாலும், பெற்றோரின் சம்மதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஆகவே கூச்சப்படாமல் நேரில் போய்க் கேளுங்கள். வகுப்பு தொடங்கும்போது ஜெபம் உண்டா? பைபிள் கதை நேரம் உண்டா? உண்டு என்றால் அந்த நேரத்தில் என் பிள்ளை வெளியே உட்காரலாமா? “சும்மா ஐந்து நிமிஷம்தாங்க” என்ற பதில் வந்தால், அது உங்களுக்குச் சரியா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். நல்ல சபைகள் இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

சமயத்தைவிட அவசரமான கேள்வியும் உண்டு. யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சமூகநல இலாகாவான ஜேகேஎம் வைத்திருக்கும் குழந்தைகள் பதிவேட்டில், பிள்ளைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களின் விவரம் இருக்கிறது; பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் எடுப்பவர்கள் அதில் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். தொண்டர்களை அப்படிச் சரிபார்த்தார்களா? எப்போதும் இரண்டு பெரியவர்கள் உடனிருப்பார்களா? படிக்கட்டுக் கதவு உள்ளிருந்து திறக்குமா? இந்தக் கேள்விகள் தேவாலயத்துக்கு மட்டுமல்ல, கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்கும் அப்படியே பொருந்தும்.

வாரம் ஒருநாள் வீட்டுப்பாடத்துக்கு உதவுவது ஒன்று. முறையாக டியூஷன் நிலையம் நடத்துவது வேறு. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி தனியார் கல்வி நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். இலவசம் என்பதால் விலக்கு என்று தாங்களாகவே முடிவு செய்யாமல், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நாளெல்லாம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாஸ்காவுக்கு 1984ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

இடம் கேட்கப் போகிறீர்களா?

தாமான் சங்கக் கூட்டம், சிலம்ப வகுப்பு, தாய்மார்களின் தையல் பயிற்சி என்று எதற்கோ அந்த மாடியைக் கேட்க நினைத்தால், முதலில் பாஸ்டரிடம் கேட்பதைவிடக் கட்டட உரிமையாளரின் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பல வாடகை ஒப்பந்தங்கள் இடத்தை மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கத் தடை விதிக்கும். பணம் வாங்காவிட்டாலும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இருந்தால் பின்னால் சண்டை வராது. காப்புறுதியும் அப்படித்தான்: பாலிசியில் “அலுவலகம்” என்று இருந்து, உள்ளே நாற்பது பேருக்குச் சமையல் நடந்தால் இழப்பீடு கிடைப்பது சிரமம்.

சபையோடும் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாள், எத்தனை மணி, சாவி யாரிடம், மின்சாரக் கட்டணம் யாருக்கு, சுவரில் உள்ள சிலுவையையும் வசனப் பலகையையும் மூட வேண்டுமா வேண்டாமா. கடைசி விஷயம் பேசச் சங்கடமாக இருக்கும். முதல் நாளே பேசிவிட்டால் சங்கடம் அன்றோடு போய்விடும். சாப்பாடு வழங்கினால் ஹலால் கடையில் வாங்கியதா என்று தெரிவித்துவிடுங்கள். இந்து குடும்பங்கள் வந்தால் மாட்டிறைச்சி வேண்டாம், சைவமும் இருக்கட்டும்.

நன்கொடை கேட்டால் ரசீது வாங்குங்கள். சபை சங்கப் பதிவிலாகாவில் பதிவாகியிருப்பது ஒன்று, நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு வருமான வரிக் கழிவு கிடைப்பது வேறு. கழிவுக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தனி அங்கீகாரம் வேண்டும்.

நீங்கள் அந்த வரிசையில் கடை வைத்திருப்பவராக இருந்து, சத்தமோ பார்க்கிங்கோ தொந்தரவு தந்தால் முதலில் மாடி ஏறிப் பேசிப் பாருங்கள். சரிவராவிட்டால் தேதி, நேரம், படத்தோடு எம்பிஜேபியில் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது புகார் ஆகாது.